தண்ணீர்மலையும் தோட்டமும்

பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரின் மேற்கு ஓரத்தில், மலைகள் கைகோத்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பூங்கா இருக்கிறது. அதற்கு நான்கு மொழிகளில் நான்கு பெயர். ஒன்று இன்னொன்றின் மொழிபெயர்ப்பு கிடையாது என்பதுதான் விசேஷம்.

ஆங்கிலத்தில் அது பொட்டானிக் கார்டன்ஸ். கொஞ்சம் வயதானவர்கள் வாட்டர்ஃபால் கார்டன்ஸ் என்பார்கள். மலாயில் கெபுன் புங்கா. புங்கா என்றால் பூ. நம்முடைய ‘பூங்கா’வுக்கும் அதற்கும் உறவில்லை, ஆனாலும் காதுக்குப் பங்காளி மாதிரி ஒலிக்கிறது. பினாங்கு ஹொக்கியன் சீனர்கள் அதை ‘ஆங்மோ’வின் பூந்தோட்டம் என்பார்கள். ஆங்மோ என்றால் செம்பட்டை முடிக்காரன், அதாவது வெள்ளைக்காரன். யார் போட்ட தோட்டம், யாருக்காகப் போட்ட தோட்டம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும் பெயர்.

தமிழர்களுக்கு அந்த இடம் தண்ணீர்மலை.

மற்ற மூன்று பெயர்களிலும் தோட்டம் இருக்கிறது. தமிழ்ப் பெயரில் மட்டும் தோட்டத்தைக் காணோம். தண்ணீர் இருக்கிறது, மலை இருக்கிறது, தோட்டம் இல்லை. சிங்கப்பூர்த் தமிழர்கள்கூட அங்குள்ள தாவரவியல் பூங்காவைப் பூமலை என்று கூப்பிட்டார்கள். அதில் பூவாவது இருக்கிறது. பினாங்குத் தமிழருக்கு ஏன் தோட்டம் கண்ணில் படவில்லை? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூங்காவின் வரலாற்றைப் படித்தால், தோட்டக்கலையைத் தாண்டி வேறு சில விஷயங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன.

*

முதலில் தண்ணீர்.

பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்று பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டபோது, அந்தத் தீவின் மதிப்பு அதன் துறைமுகத்தில் இருந்தது. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போகும் கப்பல்கள் பழுது பார்க்கவும் சரக்கு ஏற்றவும் குடிநீர் நிரப்பவும் இடையில் ஒரு ஊர் வேண்டும். மலையிலிருந்து விழும் அருவி அந்தக் குடிநீரைத் தந்தது. 1804-05 வாக்கில் அருவி ஆற்றிலிருந்து நகரத்துக்குச் செங்கல்லால் கால்வாய் கட்டினார்கள். பினாங்கின் முதல் பொதுக் குடிநீர் ஏற்பாடு அதுதான்.

அருவியைப் பார்க்க வருபவர்களும் அப்போதே இருந்தார்கள். கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்கி 1821இல் லண்டனில் அச்சிட்டார். அதில் ஒன்று இந்த அருவி. தாவரவியல் பூங்கா வருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே அருவி படமாகிவிட்டது. அப்போதெல்லாம் இது பூங்கா இல்லை, ‘போய்ப் பார்க்க வேண்டிய இடம்’.

தமிழர்கள் எப்போது வந்தார்கள்? கிட்டத்தட்ட லைட்டோடு கூடவே. 1794இல் லைட் எழுதிய குறிப்பில் சோழமண்டலக் கரையிலிருந்து வரும் சூலியாக்கள் பற்றிச் சொல்கிறார். குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் போக, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலில் வந்து, உழைத்து, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். விரும்பி வந்தவர்கள் இவர்கள். விரும்பாமல் வந்தவர்களும் உண்டு. 1790களிலிருந்து 1873 வரை பினாங்கு, இந்தியக் கைதிகளை நாடு கடத்தும் இடமாகவும் இருந்தது. 1802இல், பாளையக்காரர் போரில் தோற்றவர்களில் 70 பேருக்கும் மேல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். ஜார்ஜ்டவுனின் சாலைகளும் வடிகால்களும் கட்டடங்களும் பெருமளவு கைதிகளின் உழைப்பில் உருவானவை. வெள்ளைக்காரன் மலைக்குப் போன பாதையை யார் வெட்டியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இப்படி வந்தவர்கள் ஒரு மலையையும், அதிலிருந்து விழும் தண்ணீரையும் பார்த்தார்கள். தமிழன் மலையையும் சுனையையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்து என்ன செய்வான் என்று சொல்லத் தேவையில்லை. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன். அருவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சன்னிதி எழுந்தது. பால தண்டாயுதபாணி. தைப்பூசத்துக்கு அங்கேதான் காவடி போனது.

அந்தச் சாமியின் பெயர் கடல் தாண்டியும் போனது. வட்டித் தொழிலுக்காகப் பினாங்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், அருவிக்குப் போகும் வாட்டர்ஃபால் சாலையில் 1857இல் தங்களுக்கென ஒரு தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். ஊர் திரும்பியவர்கள் பிள்ளைகளுக்குத் ‘தண்ணீர்மலை’ என்று பெயர் வைத்தார்கள். பழனியப்பன், சிதம்பரம், அண்ணாமலை என்று ஊர்ப்பெயரையே ஆள்பெயராக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அந்த வரிசையில் மலாய்த் தீவு ஒன்றின் அருவியும் சேர்ந்துகொண்டது. செட்டிநாட்டில் தண்ணீர்மலைச் செட்டியார் என்று ஒருவரைப் பார்த்தால், அந்தப் பெயரின் தண்ணீர் பினாங்கில் விழுகிறது.

ஆக, தமிழ்ப் பெயரில் தோட்டம் இல்லாததற்கு முதல் காரணம் எளிமையானது. அங்கே தோட்டம் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

*

தோட்டம் என்ற யோசனையும் பினாங்கில் பழையதுதான். ஆனால் அது அழகுக்கான யோசனை அல்ல, பணத்துக்கானது.

அந்தக் காலத்தில் சாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர் கையில் இருந்தன. மொலுக்காஸ் தீவுகளை விட்டு ஒரு கன்றுகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். 1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் அங்கே அனுப்பப்பட்டார். அவர் சேகரித்த பல்லாயிரக்கணக்கான சாதிக்காய், கிராம்புக் கன்றுகள் பினாங்குக்கு வந்தன. ஆயர் ஈத்தாம் பக்கம் கம்பெனியின் வாசனைத் தோட்டம் உருவானது. தீவுகள் என்றைக்கிருந்தாலும் டச்சுக்காரருக்குத் திரும்பிப் போகலாம், மரத்தைக் கொண்டுவந்துவிட்டால் பிறகு தீவு எதற்கு என்பதுதான் கணக்கு.

கணக்கு உடனே பலிக்கவில்லை. ஸ்மித் இறந்த பிறகு தோட்டம் கைவிடப்பட்டு விற்கப்பட்டது. 1822இல் இன்னொரு முயற்சி. கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த ஜார்ஜ் போர்ட்டர் பொறுப்பேற்றார். 1834இல் அதையும் விற்றார்கள். சாதிக்காய் தனியார் நிலங்களில் செழித்து, 1860 வாக்கில் நோய் விழுந்து கூட்டங்கூட்டமாக மடிந்தது. இன்றும் பினாங்கில் சாதிக்காய் ஊறுகாயும் சாறும் விற்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள். ஒரு பேரரசு போட்ட கணக்கின் மிச்சம் சின்னப் பொட்டலமாகக் கையில் கிடைக்கிறது.

மூன்றாவது முயற்சிதான் இன்று நாம் நடக்கும் பூங்கா. 1884இல் அருவிப் பள்ளத்தாக்கில் அது தொடங்கியது. பொறுப்பாளர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்தவர், 1853இல் பிறந்தவர். வீட்ச் என்ற புகழ்பெற்ற நாற்றுப்பண்ணை நிறுவனத்துக்காக மடகாஸ்கர், போர்னியோ, சுமத்ரா என்று அலைந்து செடி வேட்டையாடியவர். அந்தக் காலத்தில் இது ஒரு தொழில். லண்டன் பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளுக்கு ஆர்க்கிட்டும் குடுவைச் செடியும் வேண்டும். அதைக் காட்டுக்குள் போய் எடுத்துவர ஆள் வேண்டும். பினாங்குக்கு வந்தபோது கர்ட்டிஸுக்குக் கிடைத்தது பழைய கருங்கல் உடைப்புக் குழி ஒன்றும், காடும், ஒரு ஆறும். கல்லுடைத்த குழியைப் பூங்காவாக மாற்றினார். இன்றைக்கும் பூங்காவின் வளைந்த பாதைகள், மேடு பள்ளம், ஆற்றைத் தாண்டும் பாலம் எல்லாம் அந்த நில அமைப்பை ஒட்டியே போகின்றன. 1903இல் ஓய்வு பெறும் வரை அங்கே இருந்தார். பினாங்கு, லங்காவி, சயாம் கரை என்று அலைந்து செடிகள் சேகரித்தார். அவர் பெயர் தாங்கிய தாவர இனங்கள் பல. பினாங்கு மலை உச்சியில், மரங்களுக்கு மேலே கட்டிய வட்டமான நடைமேடைக்கும் இப்போது அவர் பெயர்தான்: கர்ட்டிஸ் கிரெஸ்ட்.

அவர் தகுதியானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கருங்கல் குழியை ஒரு ஆள் பூங்கா ஆக்கிவிட முடியாது. மண் சுமந்தவர், பாதை போட்டவர், புல் வெட்டியவர், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் என்று ஒரு கூட்டமே வேண்டும். செடிக்கு லத்தீன் பெயர் எழுதி வைக்கிற துறை, அந்தக் கூட்டத்துக்குப் பெயர் எழுதி வைக்கிற துறை இல்லை. எந்தச் செடியை யார் எந்த மலையில் எந்தத் தேதியில் பறித்தார் என்று சொல்லும் சீட்டு உலர்தாவரக் காப்பகத்தில் 130 வருடங்களாகப் பத்திரமாக இருக்கிறது. அந்த மலையில் அவருக்குக் கூடை தூக்கியவர் யார் என்பதற்குச் சீட்டு இல்லை.

*

இப்போது தோட்டம் என்ற சொல்லுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் தோட்டம் என்றால் மாந்தோப்பு, கிணற்றடி, பூச்செடி என்று ஏதோ ஒன்று மனசில் வரும். மலேசியத் தமிழரிடம் “எந்தத் தோட்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் எஸ்டேட்டின் பெயரைச் சொல்வார். தோட்டத்துப் பள்ளிக்கூடம், தோட்டத்துக் கோயில், தோட்டப்புறம், “நாங்க தோட்டத்துல இருந்து வந்தவங்க” — எல்லாம் ரப்பர்தான். லயத்து வீடு, விடியுமுன் பெரட்டு, பால்மரம் வெட்டு, வெளிக்காட்டு வேலை, கங்காணி, கிராணி, துரை என்று ஒரு முழு உலகம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

இந்தத் தோட்டத்துக்கும் அந்தப் பூந்தோட்டத்துக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவு. ஒன்று இன்னொன்றின் தாய்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2,700 வாக்கில். அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. பத்து வருடத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரிசோதனை செய்து காட்டினார். தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டே அலைந்ததால் அவரைக் ‘கிறுக்கு ரிட்லி’ என்றே அழைத்தார்கள். கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது. மலாயா முழுக்கக் காடு சரிந்து ரப்பர் நின்றது.

பினாங்குப் பூங்காவும் சிங்கப்பூர்ப் பூங்காவும் ஒரே நீரிணைக் குடியேற்ற அரசின் கீழ், ஒரே துறையில் இருந்தவை. காட்டைக் கணக்கெடுப்பது, பணம் தரும் பயிரைச் சோதிப்பது, கன்றும் விதையும் விநியோகிப்பது — இதுதான் அந்தத் துறையின் வேலை. மாலையில் துரைமார் குடும்பத்தோடு குதிரை வண்டியில் காற்று வாங்க வந்தது அதற்குமேல் கிடைத்த வசதி. இப்போது நாம் பூங்கா என்று பார்ப்பதை அன்று ஒரு விதத்தில் சோதனைச்சாலை என்றே சொல்ல வேண்டும். ஒரு புல்வெளியும் சில பூச்செடிகளும் அதன் முகப்பு.

ரப்பருக்குக் கன்று மட்டும் போதாது, ஆளும் வேண்டும். ஆளைத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்தார்கள். 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்றே ஒன்று ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில் கங்காணி வழியாகத் தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினார்கள், கங்காணி முறை தொடர்ந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்களுக்குக் கப்பல் தொட்ட முதல் மலாயாத் துறைமுகம் பினாங்கு. டெக்கில் படுத்து வந்தவர்கள் முதலில் கண்டது இந்த மலையைத்தான். கரையேறுவதற்கு முன் நோய்த் தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் அடைபட்டுக் கிடந்தவர்களும் உண்டு. அங்கிருந்து பிரித்து, வெவ்வேறு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

இதில் ஒரு கசப்பான ஒழுங்கு இருக்கிறது. பிரேசில் செடியை இங்கே கொண்டுவந்த அதே காலம், தஞ்சாவூர்க்காரனையும் திருச்சிக்காரனையும் இங்கே கொண்டுவந்தது. கன்றுக்கும் ஆளுக்கும் கப்பல், தனிமைப்படுத்தல், விநியோகம் என்று கிட்டத்தட்ட ஒரே நடைமுறை. கன்று எந்த மண்ணில் தேறும் என்று தாவரவியலாளர் குறித்து வைத்தார். ஆள் எந்தத் தோட்டத்தில் தேறுவான் என்று துரை பார்த்துக்கொண்டார்.

தமிழ்ப் பெயரில் தோட்டம் இல்லாததற்கு இரண்டாவது காரணம் இதுதான் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். மலாயாத் தமிழனுக்குத் தோட்டம் என்ற சொல்லில் நிழலும் பூவும் இல்லை. அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே வேலை புகுந்துவிட்டது. வருசத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு, காவடியோ பால்குடமோ எடுத்துக்கொண்டு போகும் இடத்துக்கும் ‘தோட்டம்’ என்றா பெயர் வைப்பான்?

*

மூன்றாவது காரணம் கோயில்.

அருவியடிச் சன்னிதிக்கும் அரசாங்கப் பூங்காவுக்கும் பல வருடம் ஒரே இடத்தில் குடித்தனம் நடந்தது. ஆனால் பள்ளத்தாக்குக்கு வேறு திட்டங்கள் வந்தன. ஜார்ஜ்டவுன் பெருத்தது; குடிநீர் போதவில்லை. 1910 வாக்கில் பூங்காவையே மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டும் திட்டம் வந்தது. கர்ட்டிஸ் 20 வருடம் வளர்த்தது தண்ணீருக்குள் போயிருக்கும். நல்ல வேளையாக அது நடக்கவில்லை, பூங்கா பிழைத்தது.

சன்னிதி அந்த இடத்தில் பிழைக்கவில்லை. குடிநீர் எடுக்கும் இடம், அரசாங்கத் தோட்டம். அங்கே தைப்பூசத்துக்குத் திரளும் கூட்டத்துக்கு இடமில்லை என்றானது. கோயிலை அங்கிருந்து அகற்றச் சொன்னார்கள். பூங்காவுக்கு வெளியே, சாலையின் மறுபக்கத்துக் குன்றின் சரிவில் புதிய கோயில் கட்டி 1915இல் முடித்தார்கள். சாமி இடம் மாறினார்.

அந்த மாற்றம் பெரிய சண்டையாக வரலாற்றில் பதிவாகவில்லை. அதனாலேயே அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. காலனியப் பூங்காக்களின் கதை பெரும்பாலும் ‘காட்டைத் திருத்தி அழகாக்கினார்கள்’ என்று தொடங்கும். அந்தக் காட்டில் முன்பே யாருக்கு என்ன இருந்தது என்று அந்தக் கதை கேட்பதில்லை. லண்டனில் மன்னரின் வேட்டைக்காடுதான் மக்களுக்கான பூங்கா ஆனது. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் போடுவதற்காக, கறுப்பின மக்கள் சொந்த நிலம் வாங்கி வாழ்ந்த செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பை 1857இல் காலி செய்தார்கள். அங்கே தேவாலயங்களும் பள்ளிக்கூடமும் இருந்தன. பூங்கா என்பது எல்லோருக்கும் பொதுவான இடம் என்கிறோம். பொதுவாக ஆவதற்கு முன் அது யாரோ சிலருடைய இடமாக இருந்திருக்கும்.

பினாங்கில் நடந்ததை அதற்குச் சமமாக நிறுத்த முடியாது. இங்கே யாருடைய வீடும் இடிபடவில்லை. கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் அது வளர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். 2012இல் குன்றின் மேலே புதிய பெரிய கோயில் குடமுழுக்குக் கண்டது. 513 படி ஏற வேண்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் நகரத்தாரின் வெள்ளித்தேர் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு வாட்டர்ஃபால் சாலைக்கு வருகிறது. காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்த தேர் அது. 2017 முதல் மலைக்கோயிலின் தங்கத்தேரும் சேர்ந்துகொண்டது. வழியெல்லாம் சிதறு தேங்காய். உடைப்பவர்களில் பாதிப் பேர் சீனர்களோ என்று தோன்றும் அளவுக்கு அவர்களும் மூட்டை மூட்டையாக உடைப்பார்கள். ஆங்மோ தோட்டம் என்று பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தண்ணீர்மலையானுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள்.

ஆனால் கோயில் நகர்ந்தபோது பெயரும் கூடவே நகர்ந்துவிட்டது. இன்று பினாங்குத் தமிழ்ப் பிள்ளை “தண்ணீர்மலைக்குப் போயிட்டு வாறேன்” என்றால் அது குன்றின் மேலுள்ள கோயில். அடுத்த கேட்டுக்குள் இருக்கிற பூங்கா அவனுக்குப் ‘பொட்டானிக்கல் கார்டன்’. அருவியும் கண்ணில் படாமல் போய்விட்டது. அது இப்போது குடிநீர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதியில்லாமல் பக்கத்தில் போக முடியாது. தண்ணீரும் தெரியாது, சாமியும் இடம் மாறிவிட்டார் என்றால், தண்ணீர்மலை என்ற சொல்லுக்குப் பூங்காவுக்குள் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

*

அதனால் அங்கே போகும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை.

காலையில் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏழு மணிக்குள் போனால் நடைப்பயிற்சிக் கூட்டம், தாய்ச்சி செய்யும் சீனப் பாட்டிகள், உங்கள் கையிலுள்ள பிளாஸ்டிக் பையையே பார்த்துக்கொண்டிருக்கும் நீள்வால் குரங்குகள் எல்லாம் இருக்கும். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், அபராதம் உண்டு. மேலே மரத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு ஒரு குரங்கு சத்தம் போடாமல் இலை தின்றுகொண்டிருந்தால், அது வேறு இனம். அது உங்கள் பையைச் சட்டை செய்யாது.

நாகலிங்க மரங்களைப் பாருங்கள். அடிமரத்திலிருந்தே கொடி கொடியாகப் பூத்து, பீரங்கிக் குண்டு போல் காய் தொங்கும். ஆங்கிலப் பெயரே பீரங்கிக்குண்டு மரம்தான். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அது நம்மூருக்கு வந்ததும் நம் ஆட்கள் பூவுக்குள் பார்த்தார்கள். நடுவில் லிங்கம், மேலே குடை பிடிக்கும் நாகம். நாகலிங்கம் என்று பெயர் வைத்துச் சிவன் கோயிலில் நட்டுவிட்டார்கள். இன்று பலருக்கு அது ஆதிகாலத்து மரம். வெள்ளைக்காரனுக்குக் காய் தெரிந்தது, தமிழனுக்குப் பூ தெரிந்தது.

அகலக் கிளை விரித்து நிற்கும் மழை மரத்தையும் பாருங்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். சாயங்காலம் இலை மடிப்பதால் மலாயில் அதற்குப் ‘புக்குல் லீமா’, ஐந்து மணி மரம். நம்மிடம் தூங்குமூஞ்சி மரம். வந்தேறி மரத்துக்குச் சொந்தக்காரப் பையனைக் கூப்பிடுவது மாதிரி ஒரு பெயர். ஒரு மரம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வரலாறு. வந்த இடத்தில் அதை யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது இன்னொரு வரலாறு. மரத்தில் மாட்டியிருக்கும் பலகையில் முதலாவது இருக்கும். இரண்டாவது வாயில்தான் இருக்கும்.

ஆற்றின் ஓரமாக மேலே நடந்தால் சத்தம் கூடிக்கொண்டே வரும். ஒரு இடத்துக்கு மேல் வேலி. அதற்கு அந்தப் பக்கம்தான் அருவி. ஸ்மித் வரைந்ததும், கப்பல்கள் குடித்ததும், சாமி இருந்ததும் அங்கேதான். கீழே ஜார்ஜ்டவுன் 2008இல் உலக மரபுரிமை நகரமானது. மேலே மலையும் காடும் இந்தப் பூங்காவும் 2021இல் பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. காட்டையும் கட்டடத்தையும் காப்பாற்ற ஏற்பாடு இருக்கிறது. நல்ல விஷயம். பெயருக்கு அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் இருக்கும், நிறுத்தினால் போய்விடும்.

மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறி, தோட்டத்து ஆட்கள் நகரங்களுக்கு நகர்ந்து இரண்டு தலைமுறை ஆகிறது. அவர்களுடைய ‘தோட்டம்’ என்ற சொல்லும் மெல்ல அர்த்தம் மாறிக்கொண்டிருக்கிறது. இன்றைய பிள்ளைக்குத் தோட்டம் என்றால் மறுபடியும் பூச்செடியாக இருக்கலாம். அது வருத்தப்பட வேண்டிய விஷயமில்லை. அந்தச் சொல்லிலிருந்து வலி இறங்கியது நல்லதே. ஆனால் இறங்கிய வலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பூங்காவின் புல்வெளியில் உட்கார்ந்து யோசித்தால் அது விளங்கும். ஒரு விதையைச் சோதித்த இடத்திலிருந்து ஒரு இனத்தின் இடப்பெயர்வு வரை நேர்கோடாக ஒரு பாதை போகிறது.

அந்தப் பூங்காவுக்கு எந்தப் பெயரைச் சொல்வது என்று யாராவது கேட்டால், நான்கையும் சொல்லலாம். பொட்டானிக் கார்டன்ஸ் என்றால் அதன் வேலை தெரியும். ஆங்மோ தோட்டம் என்றால் அதன் முதலாளி தெரியும். கெபுன் புங்கா என்றால் அதன் அழகு தெரியும். தண்ணீர்மலை என்றால், தோட்டம் வரும் முன் அங்கே விழுந்துகொண்டிருந்த தண்ணீரும், அதைப் பார்த்துக் கும்பிட்டவர்களும் தெரிவார்கள். கூட வருகிறவரிடம் இந்த நாலாவது பெயரையும் சொல்லிவைப்பது நம் வேலை.